ஊர்க் காகிதம் ஊரிலேயே: கோபேயிலிருந்து ரிகுசென்தகாதா வரை ஆறு நாள்

முதல் நாள்: கோபே

பேரிடரிலிருந்து பழைய ஊர்க் காகிதங்களைக் காப்பாற்றும் இடங்களைத் தேடி ஜப்பானில் ஒரு பயணம் இது. ஹான்க்யூ ரயிலில் ரொக்கோ நிலையத்தில் இறங்கி, 36ஆம் எண் நகரப் பேருந்தில் மலைச்சரிவில் ஏறினால் கோபே பல்கலைக்கழகம். கீழே துறைமுகம், அதற்கும் மலைக்கும் நடுவே நெருக்கமாக வீடுகள். 1995 ஜனவரி 17 விடியற்காலை 5:46க்கு இந்தச் சரிவு முழுவதும் நிலநடுக்கத்தில் குலுங்கியது. இடிந்த வீடுகளை அரசுச் செலவில் அகற்றத் தொடங்கியதும், பரணிலும் கிடங்கிலும் தலைமுறைகளாகக் கிடந்த காகிதக் கட்டுகள் இடிபாட்டோடு லாரி ஏறின. அதைத் தடுக்க அடுத்த மாதமே வரலாற்று ஆய்வாளர்களும் மாணவர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் இன்று 'ஷிர்யோ நெட்', அதாவது வரலாற்று ஆவண வலையமைப்பு, என்று அழைக்கப்படும் அமைப்பு. முதலில் அமகசாகி நகர ஆவணக் காப்பகத்திலிருந்து இயங்கியது, பிறகு கோபே பல்கலைக்கழகத்துக்கு வந்தது. இதை முன்மாதிரியாகக் கொண்டு நாடெங்கும் ஏறத்தாழ 30 அமைப்புகள் உருவாகியிருக்கின்றன.

இந்தக் காகிதங்கள் ஏன் வீடுகளில் இருக்கின்றன? ஜப்பானில் 'எதோ' என்று பெயர் பெற்ற காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, நிலவரி தனித்தனி ஆளுக்கு விதிக்கப்படவில்லை. ஊர் முழுவதற்கும் ஒரே தொகை. அதை யார் யார் எவ்வளவு என்று பிரித்து வசூலித்துக் கட்டுவது ஊர்த்தலைவரின் பொறுப்பு. நம் ஊர் மணியக்காரர், கணக்குப்பிள்ளை இருவர் வேலையையும் ஒருவரே பார்த்ததுபோல. அதனால் நில அளவைப் பதிவேடு, வரி விதிப்புச் சீட்டு, ஆண்டுதோறும் எழுதிய குடும்பக் கணக்கெடுப்பு, மேலிடத்து உத்தரவுகளின் நகல், தண்ணீர்ப் பங்கீட்டுத் தகராறு எல்லாமே அவர் வீட்டில் சேர்ந்தன. 1868க்குப் பிறகும் பெரும்பாலானவை அங்கேயே தங்கிவிட்டன. ஜப்பானின் உள்ளூர் வரலாற்றில் பெரும்பகுதி இன்றும் தனியார் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கிறது.

சட்டம் இவற்றைத் தொடுவது குறைவு. 1949 ஜனவரி 26 அன்று ஹோர்யூஜி கோயிலின் பொன்மண்டபம் தீப்பிடித்ததை அடுத்து 1950இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதன் வலுவான காப்பு, பட்டியலில் ஏறியவற்றுக்குத்தான். ஒரு சிற்றூர் வீட்டின் 3,000 காகிதங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. வீட்டுக்காரர் குப்பையில் போட்டால் கேட்க ஆளில்லை.

களத்தில் முதல் தடையே கேள்வி கேட்கும் விதம்தான். "பழைய ஆவணம் ஏதாவது இருக்கிறதா?" என்றால் பதில் ஒன்றே: "எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை." ஆவணம் என்றால் பிரபுவின் முத்திரை வைத்தது என்று நினைக்கிறார்கள். "தாத்தா எழுதிய நாட்குறிப்பு, சீட்டுக் கணக்கு, கடைப் பேரேடு, பள்ளிச் சான்றிதழ், போருக்குப் போனவர் அனுப்பிய அஞ்சலட்டை இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேட்டால் பெட்டி திறக்கும். தேட வேண்டிய இடங்களும் உண்டு: மண்சுவர்க் கிடங்கான குராவின் மாடி, தகரம் அடித்த தேயிலைப் பெட்டி, நீளமான துணிப்பெட்டி, புத்த பூசை மாடத்தின் கீழ் இழுப்பறை, கடைசியாக வீட்டின் தள்ளுகதவுக்குள்ளேயே. அந்தக் கதவைப் பற்றி நான்காம் நாளில் விரிவாக.

பல்கலைக்கழக நூலகத்தில் 1995 அக்டோபரில் திறந்த நிலநடுக்க ஆவணத் தொகுப்பும் இருக்கிறது. முகாம்களில் ஒட்டிய அறிவிப்புகள், குளிக்கும் முறை அட்டவணை, துண்டறிக்கைகள் எல்லாம் அதில் உண்டு. அன்றைய சுவரொட்டியும் ஊர்க் காகிதம்தான் என்ற தெளிவு அந்த நேரத்திலேயே இருந்திருக்கிறது.

இரண்டாம் நாள்: நாரா

யமாதோ-சைதைஜி நிலையத்திலிருந்து கொஞ்ச நேர நடையில் நாரா தேசியப் பண்பாட்டுச் சொத்து ஆய்வு நிறுவனம். அருகிலேயே ஹெய்ஜோ அரண்மனைத் திடல். அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த எழுத்துப் பலகைகளைக் காயவிடாமல் நீரில் வைத்துக் காத்த அனுபவம்தான், பின்னாளில் நனைந்த காகிதத்துக்கும் கைகொடுத்தது. ஈர மரத்தை உலர்த்த வைத்திருந்த பெரிய வெற்றிட உறைஉலர்த்திகளில் 2011க்குப் பிறகு சுனாமியில் நனைந்த காகிதங்கள் வந்து சேர்ந்தன. நாட்டின் பண்பாட்டுச் சொத்துப் பேரிடர் மையமும் 2020 அக்டோபரிலிருந்து நாராவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.

முதலில் வீட்டளவில் என்ன செய்வது என்று பார்ப்போம். 2004 அக்டோபரில் புயல் வெள்ளம் தொயோஓகா ஊரை மூழ்கடித்தபோதுதான் கோபே குழு முதன்முறையாகப் பெருமளவு நனைந்த காகிதத்தைக் கையாண்டது. அன்றிலிருந்து தேறி வந்த முறை இது.

நேரம்தான் எதிரி. கோடைகாலத்தில் 48 மணி நேரத்தில் பூஞ்சணம் தெரியத் தொடங்கும். முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, கட்டைப் பிரிக்காமல், இருந்தபடியே பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கே எந்த அடுக்கில் கிடந்தது என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். உடனே உலர்த்த ஆளில்லை என்றால் உறைபதனப் பெட்டி; மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே நேரம் நின்றுவிடும். பூஞ்சணம் கண்ட இடத்தில் 70 முதல் 80 சதவீத எத்தனாலைத் தெளிக்கலாம், ஆனால் மையைச் சோதித்த பிறகே. கரியும் விலங்குப் பசையும் சேர்ந்த சுமி மை தண்ணீரில் கலையாது. 300 ஆண்டு எழுத்து வெள்ளத்தில் கிடந்தும் நிற்கிறது. ஆபத்து புதியவற்றில்தான். 19ஆம் நூற்றாண்டு இறுதியிலிருந்து ஊர் அலுவலகங்கள் கொன்யாகு அச்சு என்ற ஊதா நிற நகலெடுப்பைப் பயன்படுத்தின. அந்தச் சாயம் நீரிலும் கரையும், எத்தனாலிலும் கரையும், வெயிலில் வெளுக்கும். அதன்மேல் எத்தனாலைத் தெளித்தால் ஒரு நொடியில் பக்கம் முழுவதும் ஊதா.

உலர்த்தும்போது எல்லோரும் செய்யும் தவறு, வெயிலில் போடுவது. ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும், நடுவில் ஈரம் நிற்கும், சேறு பசைபோல இறுகித் தாள்கள் பலகையாகிவிடும். அதற்குப் பதில், சில தாள்களுக்கு ஒன்று வீதம் சமையலறைக் காகிதத் துண்டைச் செருகி, மேலும் கீழும் உறிஞ்சுதாள் வைத்து, மெத்தையைச் சுருக்கும் பையில் போட்டு, வீட்டுத் தூசு உறிஞ்சியால் காற்றை இழுக்க வேண்டும். அழுத்தத்தில் ஈரம் உறிஞ்சுதாளுக்கு மாறும். பிரித்துத் தாளை மாற்றி மறுபடி. தாள் குளிர்ச்சியாகத் தொட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஓரளவு காய்ந்ததும் மின்விசிறிக் காற்று, சூடில்லாமல். ஒட்டிய பக்கங்களை மூங்கில் தகட்டால் பிரிப்பது சற்று ஈரம் இருக்கும்போதே. காய்ந்தபின் பிரித்தால் கிழியும்.

ஆயிரக்கணக்கில் வந்தால் இது நடக்காது. அங்கேதான் வெற்றிட உறைஉலர்த்தி. 611 பாஸ்கலுக்குக் கீழான அழுத்தத்தில் பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாகிறது. திரவ நிலையே வராததால் மை நகராது, தாள் ஒட்டாது. உள்ளே வைத்த கட்டின் எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று பொருள். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால் கட்டின் நடுவில் பனி மிஞ்சியிருக்கும், வெளியே உருகி மறுபடி நனையும். அதிகம் விட்டால் தாள் மொரமொரத்துப் போகும், சில நாள் சாதாரண ஈரப்பதத்தில் வைத்துத் தேற்ற வேண்டும். இந்த இயந்திரம் சேற்றையும் உப்பையும் எடுக்காது, பூஞ்சண வித்தையும் கொல்லாது. 'உலர்ந்துவிட்டது' என்று பெட்டியில் அடைத்து மறந்தால் அடுத்த மழைக்காலம் பாடம் சொல்லும்.

மூன்றாம் நாள்: கியோத்தோ, எச்சிசென்

காலையில் கித்தயாமா நிலையத்தருகே உள்ள கியோத்தோ மாகாண ஆவணக் காப்பகம். தோஜி கோயிலின் 'நூறு பெட்டி ஆவணங்கள்' இங்கே இருக்கின்றன. ஏறத்தாழ 25,000 ஆவணங்கள், 1997இல் தேசியப் புதையல், 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம். 2014 முதல் இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

இங்கே நின்று பார்க்க வேண்டியது பெட்டிகளை. காகா நாட்டின் ஐந்தாம் பிரபு மயேதா த்சுனநோரி 17ஆம் நூற்றாண்டில் இந்த ஆவணங்களைக் கடன் வாங்கி நகல் எடுத்தார். திருப்பிக் கொடுக்கும்போது, போட்டு வைக்க ஏறத்தாழ நூறு கிரி மரப் பெட்டிகளையும் செய்து கோயிலுக்கே கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து அடையாளம். கிரி மரம் எடை குறைந்தது. ஈரம் ஏறினால் ஊதி இடுக்கை அடைக்கும், காற்று காய்ந்தால் விடும். வாங்கியதைவிட நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு நோட்டோவில் இதற்கு நேர்மாறான கதை.

பிற்பகல் துருகா வரை விரைவு ரயில், அங்கிருந்து 2024 மார்ச்சில் நீட்டிக்கப்பட்ட ஷின்கான்செனில் எச்சிசென்-தாகேஃபு. கைக்காகித ஊர்கள் இங்கே. கோசோ மரப்பட்டை இழை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். மரக்கூழ் இழையோ சில மில்லிமீட்டருக்குள். பட்டையைச் சாம்பல்நீர் போன்ற காரத்தில் வேகவைப்பதால் தாளில் அமிலம் இல்லை. நீள இழை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால்தான் எதோ காலத்துக் கணக்கேடு இன்றும் வளைகிறது, அதைவிட இளைய 1940களின் ஊராட்சிக் கோப்பு தொட்டால் உடைகிறது. பழுதுபார்க்கத் தாள் வாங்கினால் மூலத்தைவிட மெல்லியதாக வாங்குங்கள். ஒட்டு தடித்தால் ஒட்டின் ஓரத்தில் மூலம் மடிந்து உடையும். பசை கோதுமை மாச்சத்துதான், தண்ணீரால் கழற்றக்கூடியது. ஒட்டுநாடா மட்டும் வேண்டாம்.

நான்காம் நாள்: நோட்டோ

கனசாவாவிலிருந்து வடக்கே, 2024 ஜனவரி 1 மாலை 4:10க்கு 7.6 அளவு நிலநடுக்கம் கண்ட தீபகற்பம். செப்டம்பரில் அதே இடத்தில் பெருமழை, வெள்ளம். வஜிமா நகரத்து மச்சினோ பகுதியில் இருந்தது கமி-தொகிகுனி வீடு. அதன் மாபெரும் கூரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே சிக்கிய குடும்ப ஆவணங்களை மீட்புக் குழுக்கள் இடிபாட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்தன.

இந்தக் குடும்பத்துக் காகிதம் ஜப்பானிய வரலாற்றின் பெரிய தவறான எண்ணம் ஒன்றைத் திருத்தியது. நிலமற்றவர்களை இந்தப் பகுதியில் 'அதமஃபுரி' என்று பதிவேட்டில் எழுதினார்கள். பதிவேட்டை மட்டும் படித்தால் அவர்கள் பரம ஏழைகள். ஆனால் ஷிபகுசாயா என்ற ஓர் அதமஃபுரி வீட்டாரிடம் தொகிகுனி குடும்பமே நூறு பொன் கடன் வாங்கியிருக்கிறது. அவர்கள் கப்பல் வணிகர்கள். நிலம் வாங்கத் தேவை இல்லாததால் நிலமற்றவர்கள்! வஜிமாவில் வீடுகளில் பத்தில் ஏழு இந்த வகை என்று எதோ காலக் கணக்கு சொல்வதற்கு அப்போதுதான் பொருள் புரிந்தது: அது ஏழைகளின் ஊரல்ல, வணிக ஊர். இதை வெளிக்கொண்டு வந்தவர் வரலாற்றாசிரியர் அமினோ யோஷிஹிகோ. அவருக்கு உதவிய சான்றுகளில் தள்ளுகதவின் உள்ளிருந்து உரித்த தாள்களும் உண்டு.

ஃபுசுமா என்னும் தள்ளுகதவு மரச்சட்டத்தின்மேல் பல அடுக்குக் காகிதம் ஒட்டிச் செய்வது. மேல்தாள்தான் அழகுக்கு. உள் அடுக்குகளுக்குத் தேவை முடிந்த பழைய காகிதம். பெட்டியில் பத்திரப்படுத்தியது குடும்பம் காட்ட விரும்பிய வரலாறு. கதவுக்குள் போனது கடிதம், கடன் சீட்டு, கப்பல் கணக்கு: யாரும் காப்பாற்ற நினைக்காதது. அதனால்தான் உடைந்த கதவைக் கண்டால் விறகில் சேர்க்காதீர்கள் என்று இங்கே கெஞ்சிக் கேட்கிறோம்.

உரிக்கும் முறை: கைப்பிடி உலோகத்தையும் நான்கு சட்டங்களையும் கழற்றுங்கள். கதவின் இரு பக்கத்தையும் படமெடுத்து, மேல், கீழ், இடம், வலம் குறியுங்கள். மேல்தாளை எடுத்தபின் தெரிவது ஓரத்தில் மட்டும் பசை தடவிய தாள்கள், இவை எளிதாக வரும். அடுத்தது மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய வரிசை. அடியில் சட்டத்தோடு ஒட்டியது. மேலிருந்து கீழாக மட்டுமே உரிக்க வேண்டும். நுண்துளித் தெளிப்பானால் ஈரப்படுத்தி, சில நிமிடம் காத்திருந்தால் மாச்சத்துப் பசை இளகும். மூங்கில் தகட்டைத் தாளுக்கு இணையாகப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். நிமிர்த்தினால் குத்தும். பசை பிடிவாதம் பிடித்தால் வெதுவெதுப்பான நீர். உரித்த ஒவ்வொரு தாளுக்கும் 'கதவு 2, முன்பக்கம், அடுக்கு 3, தாள் 14' என்று எண் போட்டு, நெய்யாத பாலியெஸ்டர் துணியின்மேல் நிழலில் உலர்த்துங்கள். எண்ணில்லாமல் உரிப்பதைவிட உரிக்காமல் விடுவது மேல். தச்சர் ஒரு கட்டிலிருந்து அடுத்தடுத்து எடுத்துத்தான் ஒட்டியிருப்பார், எனவே ஒரே அடுக்கின் தாள்கள் பெரும்பாலும் ஒரே ஏட்டைச் சேர்ந்தவை. துண்டுகளை மீண்டும் பொருத்த அந்த எண் ஒன்றுதான் துணை.

இப்போது நேற்றுச் சொன்ன எதிர்க்கதை. 1949 முதல், தோக்கியோவில் ஓர் ஆய்வுக் குழு நாட்டின் கடலோர ஊர்களிலிருந்து ஏராளமான ஆவணங்களைக் கடன் வாங்கியது. சில ஆண்டுகளில் பணம் நின்றது, குழு கலைந்தது, காகிதம் திரும்பவில்லை. இளைஞராக அந்தக் குழுவில் இருந்த அமினோ, பல ஆண்டுகள் கழித்து வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். தொகிகுனி வீட்டோடு அவருக்கு ஏற்பட்ட நீண்ட உறவு இந்தத் திருப்பிக் கொடுத்தலில் தொடங்கியதுதான். ஆகவே, மீட்பு அவசரத்திலும் ரசீது இல்லாமல் ஒரு தாளும் நகரக்கூடாது. வீட்டுக்காரர் பெயர், பெட்டி எண்ணிக்கை, காரணம், வைக்கப்போகும் இடம், திருப்பும் நாள், இரண்டு பிரதி. ஒன்று வீட்டுக்காரர் கையில்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவணம் அதிகம் அழிவது நிலநடுக்கத்தில் அல்ல, அரசுச் செலவில் வீட்டை இடிக்கும் மாதங்களில். இடிப்புக்கு விண்ணப்பிக்கும் மேசையிலேயே 'பழைய எழுத்துத் தாள்களைத் தூக்கிப் போடும்முன் அழையுங்கள்' என்ற துண்டறிக்கை இருந்தால், அது பத்து ஆய்வாளர்களின் வேலையைச் செய்யும்.

ஐந்தாம் நாள்: செண்டாய்

கனசாவாவிலிருந்து ஓமியாவில் மாறி ஷின்கான்செனில் செண்டாய். 2003 ஜூலை 26 வடக்கு மியாகி நிலநடுக்கத்தையொட்டி இங்கே உருவான மியாகி ஷிர்யோ நெட், வேறொரு பாதையைப் பிடித்தது. அடுத்த பெரிய நிலநடுக்கம் நிச்சயம் என்றால், முன்கூட்டியே வீட்டுக்கு வீடு போய்ப் பட்டியலிட்டு, அத்தனை தாளையும் படமெடுத்து, மூலத்தை அங்கேயே விட்டுவிடுவது. 2011இல் சில வீடுகள் மூலத்தோடு கடலுக்குப் போயின. படங்கள் மட்டும் மிஞ்சின. இதைத் தோல்வி என்று சொல்வார் உண்டு, 'நகரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் தப்பியிருக்கும்' என்று. அது சரியல்ல. கொண்டுபோகிறோம் என்று சொல்லியிருந்தால் பல வீடுகளில் பெட்டியே திறந்திருக்காது.

படமெடுப்பு இப்படி: வந்ததும் பெட்டியைத் தொடாமல் ஒரு படம். மூடி திறந்து ஒன்று. ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும்முன் ஒன்று. காகிதத்தை முறுக்கிச் செய்த கொயோரி நூலால் கட்டிய கட்டுகள் இருக்கும். அந்த முடிச்சும் ஒரு தகவல், ஒருவர் இவற்றை ஒரே விவகாரம் என்று கருதிக் கட்டியிருக்கிறார். கட்டுக்கு எண் 12 என்றால் உள்ளிருப்பவை 12-1, 12-2. பிரித்தபின் அதே வரிசையில் அதே கொயோரியால் கட்ட வேண்டும். காலவரிசையில் 'ஒழுங்குபடுத்துவது' மாணவர்கள் ஆர்வத்தில் செய்யும் மிகப் பெரிய சேதம்.

கேமரா நேர்மேலே, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு, ஃப்ளாஷ் இல்லை. முதல் படத்தில் எண் சீட்டு, வண்ணப் பட்டை, அளவுகோல். வெற்றுப் பக்கமும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் பக்கம் விட்டுப்போனதா என்று சந்தேகம் தீராது. பின்பக்கத்திலும் எழுத்து இருக்கும், புரட்டிப் பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்முன் தாளையும் படத்தையும் எண்ணி ஒப்பிடுங்கள். கோப்புகள் மூன்று பிரதி, ஒன்று வேறு மாகாணத்தில். மூலம் அமிலமற்ற உறைக்குள், உறைமேல் எழுதுவது பென்சிலால், தாளை உள்ளே வைப்பதற்கு முன்பே. நீலநிற வரைபட நகல்களுக்குக் காரம் சேர்த்த உறை ஆகாது, நீலம் வெளிறிவிடும்.

பூச்சிக்கு வழி: வட்டத் துளை போட்டுச் சுரங்கமாகப் போவது ஷிபன்முஷி வண்டு, மேற்பரப்பைச் சுரண்டுவது வெள்ளிமீன் பூச்சி. மெத்தில் புரோமைடு புகை 2005இல் நின்றது, அதற்கு மாற்றாக வந்த முக்கிய மருந்தின் விற்பனையும் 2025 மார்ச்சில் முடிந்தது. இப்போது கையில் இருப்பவை பிராணவாயு நீக்கிய பை, உறைபதனம், ஈரமற்ற இலையுதிர்காலத்தில் பெட்டியைத் திறந்து காற்றாட வைக்கும் பழைய வழக்கம். கடைசியானதை வீட்டுக்காரரே செய்யலாம். வருடம் ஒருமுறை திறக்கும் பெட்டியை யாரும் குப்பை என்று நினைக்கமாட்டார்கள்.

வாசிப்பு தனிச் சிக்கல். 1900இல் பள்ளிகளில் கானா என்ற ஒலியெழுத்துகள் ஒரே வடிவாக்கப்பட்டன. அதன்பின் படித்தவர்களுக்குத் தம் கொள்ளுத்தாத்தாவின் ஓட்டெழுத்து புரியாது. 2017இல் தொடங்கிய 'மின்னா தே ஹொன்கொகு' தளத்தில் பொதுமக்கள் சேர்ந்து எழுத்துப்பெயர்க்கிறார்கள். 2021இல் வந்த 'மிவோ' செயலி கைப்பேசியில் படம் எடுத்தாலே எழுத்தை ஊகிக்கிறது. பிழை உண்டு, ஆனால் இது நிலச் சீட்டா, சமையல் குறிப்பா என்று வீட்டுக்காரருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். அது பெரிய விஷயம்.

ஆறாம் நாள்: ரிகுசென்தகாதா

கெசென்னுமாவிலிருந்து, ரயில் தடத்துக்குப் பதிலாக ஓடும் பேருந்தில் வடக்கே. 2011 மார்ச் 11 சுனாமி இங்கே நகர மையத்தையே துடைத்துச் சென்றது. நகர அருங்காட்சியக ஊழியர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. சுமார் 5,60,000 பொருள்களில் ஏறத்தாழ 4,60,000 மீட்கப்பட்டன. புதிய அருங்காட்சியகம் 2022 நவம்பரில் திறந்தது.

கெசென் பகுதியின் பெருந்தலைவர் குடும்பமான யோஷிதா வீட்டின் பதிவேடுகள் நகர நூலகத்தில் கடல்நீரில் மூழ்கின. 18ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து 1868 வரை ஆண்டுவாரியாக எழுதியவை. கடல்நீர் ஒரு மயக்கம் தரும்: உப்பால் பூஞ்சணம் மெதுவாகவே வரும், நேரம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் உப்பை உள்ளே வைத்து உலர்த்தினால், மழைக்காலத்தில் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தாளை மறுபடி நனைக்கும்.

எனவே கழுவியே ஆக வேண்டும். இவாதே மாகாண அருங்காட்சியகம் முன்னின்று உருவாக்கிய வழி: உலர்ந்த சேற்றைத் தூரிகையால் எடுப்பது, தையலைப் பிரித்துத் தாள் தாளாக்கி, ஒவ்வொன்றையும் இரு நெய்யாத துணிகளுக்கு நடுவே வைப்பது, நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கொஞ்ச நேரம் கிருமிநீக்கம், பிறகு குழாய்நீரில், நீரை மாற்றி மாற்றி, உப்பு போகும்வரை ஊறவைப்பது, கடைசியில் தூய நீர், அப்புறம் உறையவைத்து வெற்றிட உலர்த்தல். ஈரத்தாளை ஒருபோதும் விரலால் தூக்காமல், துணியோடு சேர்த்தே தூக்க வேண்டும். சேற்றில் வந்த மீன், பாசி எச்சம் முழுதும் போகாத தாள்களில் பின்னால் நாற்றம் திரும்பியது. அவற்றை மறுபடி கழுவினார்கள்.

சுனாமிக்குப் பிறகு, இடிந்த அருங்காட்சியகத்துக்குள் கையால் எழுதிய ஒரு தாள் கிடைத்தது. எழுதியவர் யாரென்று தெரியாது. இங்கிருக்கும் பொருள்களை எடுத்துச் செல்லாதீர்கள், தகாதாவின் இயற்கையையும் வரலாற்றையும் பண்பாட்டையும் மீட்டெடுக்க வேண்டிய செல்வங்கள் இவை என்று அதில் இருந்தது. கழுவ வேண்டியவை இன்னும் முடியவில்லை. முடிந்தவற்றையும் அவ்வப்போது எடுத்து, மணம் பார்த்து, மறுபடி உறையில் வைக்கிறார்கள்.